நாட்பட்ட சிறுநீரக நோயுற்ற நாய்களில் இருதய இரத்தச் சோதனைகள்

காவல் நாய் இல்லாத விவசாயியின் களத்தைக் காண்பது அரிது. ஆட்டுக்கிடைக்கு இரவில் காவல் இருப்பதும், நிலக்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுங்கால் குரைத்து எழுப்புவதும், அறுவடைக் காலத்தில் களத்து நெல்லைக் காப்பதும் நாயே. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலிய நம் நாட்டு இனங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றவை. ஆயினும், மாடு தீனி எடுக்காவிடில் அன்றைக்கே வைத்தியரை நாடும் நாம், நாய் இளைத்துப் போனால் 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகின்றோம். அவ்விதம் விடப்பட்ட நாய்களுள் பல, சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெட்டு இறந்தவையாகும்.

இக்காலத்தில் கால்நடை ஆஸ்பத்திரிகளில் நாயின் இரத்தத்தைச் சோதித்து அளவுகளைக் காகிதத்தில் குறித்துக் கொடுக்கின்றனர். அவற்றுள் சிறுநீரகத்தைப் பற்றிய அளவுகளோடு இருதயத்தைப் பற்றிய அளவுகளும் சில சமயம் இருக்கின்றன. சிறுநீரக நோயுற்ற நாயின் இருதய அளவு 'மிகுதி' என்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டவுடன், நாய்க்கு இருதய நோயும் வந்துவிட்டதென்று சொந்தக்காரர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தினால் பழைய மருந்துச் சீட்டைக் கொண்டு கடையில் மருந்து வாங்கிக் கொடுத்து, பிழைக்க வேண்டிய நாயைச் சாகவிடுவதும் உண்டு. ஆகையால் இந்த அளவுகள் எதனால் உயர்கின்றன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பவற்றை விவசாயிகள் அறிந்திருத்தல் நலம்.

சிறுநீரகத்தின் வேலையும் அதன் கேடும்

குண்டிக்காய் என்று வழங்கப்பெறும் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும், நாய்க்குச் சுமார் 4 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்திலுள்ள கழிவுகளைப் பிரித்து வெளியேற்றுவதும், உடலுக்கு வேண்டிய நீரை நிறுத்திக் கொள்வதும், இரத்த அழுத்தத்தை ஒழுங்குபடுத்துவதும், இரத்த உற்பத்தியைத் தூண்டுவதும் அவற்றின் வேலைகளாகும். இவ்வடிகட்டிகள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை கூடுதல் வேலை செய்து ஈடு கட்டுகின்றன. அதனால்தான் நோய் நெடுங்காலம் மறைந்து நிற்கின்றது.

மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பின்னரே நாய் அதிகம் நீர் பருகி அதிகம் சிறுநீர் கழிக்கத் தொடங்கும். ஏறக்குறைய முக்காற் பங்கு கெட்ட பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப் பொருள் உயரும். அதன் பின் பசியின்மை, இளைப்பு, வாந்தி, வாய்ப்புண், வாய் நாற்றம், இரத்தச்சோகை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும்.

1998-ஆம் ஆண்டில் ஏற்பட்டதும், ஐரிஸ் என்று சுருக்கமாக வழங்கப்பெறுவதுமான சர்வதேசச் சிறுநீரக அறிஞர் கழகத்தார் இந்நோயை நான்கு படிகளாக வகுத்திருக்கின்றனர். டெசிலிட்டர் இரத்தத்தில் கிரியேட்டினின் 1.4 மில்லிகிராமுக்குக் குறைவாயினும் சிறுநீரகக் கேட்டிற்கு வேறு சான்று இருப்பின் அது முதற்படி. 1.4 முதல் 2.8 வரை இரண்டாம் படி, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் படி. அதற்கு மேற்பட்டது நான்காம் படி. கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் பொருளாதலால், தசை மிகுந்த நாய்க்குச் சற்று அதிகமாகவும், வற்றிப்போன கிழ நாய்க்கு உண்மையைவிடக் குறைவாகவும் தோன்றும். தசையைச் சாராத எஸ்.டி.எம்.ஏ. என்னும் மற்றொரு பொருளையும் சேர்த்து அளப்பது இக்குறையை நீக்கும்.

நோய் வரும் வழிகள்

முதுமையும் பிறவிக் குறையும் ஒருபுறமிருக்க, கிராமத்து நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை வேறு சில உண்டு. எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் அவற்றுள் தலையாயது. நன்செய் வரப்பிலும் தேங்கிய நீரிலும் அக்கிருமி தங்கியிருந்து, அதில் நடமாடும் நாயைப் பற்றுகின்றது. கண்ணாடி விரியன் கடித்து உயிர் தப்பிய நாய்க்கும் சிறுநீரகம் பழுதுபட்டிருத்தல் கூடும். உண்ணி வழியாக வரும் காய்ச்சல்களில் சிறுநீரக வடிகட்டிகள் புண்பட்டு, சிறுநீரில் புரதம் கசிகின்றது. மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பது மற்றொரு பெருந்தவறு. ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே கெடுப்பவை. திராட்சைப் பழமும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களுக்கு நஞ்சாகின்றன.

இருதயம் இரத்தத்தில் விடும் இரு பொருள்கள்

இருதயத்தின் நிலையை இரத்தத்தைக் கொண்டு அறிய இரண்டு பொருள்கள் அளக்கப்படுகின்றன.

முதலாவது, என்.டி.-புரோ பி.என்.பி. என்பது. இருதயத்தின் தசைச்சுவர் இரத்தத்தின் மிகுதியால் விரிந்து இழுபடும்போது, அச்சுமையைக் குறைப்பதற்காக இருதயமே ஒரு சுரப்பை வெளிவிடுகின்றது. அது சிறுநீரையும் உப்பையும் அதிகம் வெளியேற்றி, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இச்சுரப்பு 1988-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளால் பன்றியின் மூளையில் முதன்முதல் கண்டறியப்பட்டது. பின்னர் அது பெரும்பாலும் இருதயத்திலிருந்தே வருவதென்று தெளிவாயிற்று. சுரப்பு உண்டாகும்போது அதனோடு பிளவுண்டு பிரியும் மற்றொரு துண்டே இங்குக் கூறப்படுவது. இது இரத்தத்தில் நெடுநேரம் நிலைப்பதால் சோதனைக்கு ஏற்றதாயிற்று. இத்துண்டு பிராணிக்குப் பிராணி வேறுபடுவதாகலின், நாய்க்கென்று அமைந்த சோதனையே வேண்டும். மனிதருக்கான சோதனை பயன்படாது.

இரண்டாவது, இருதய ட்ரோபோனின்-ஐ என்பது. இது இருதயத் தசைநாரின் உள்ளே இருந்து அதன் சுருக்கத்தை நடத்தும் புரதம். தசை புண்படும்போதுதான் இது மிகுதியாக இரத்தத்தில் கசியும். எனவே முன்னது இருதயத்தின் சுமையையும், பின்னது இருதயத்தின் காயத்தையும் காட்டுவன எனலாம்.

சிறுநீரகம் கெட்டால் இவை ஏன் உயர்கின்றன?

ஏரியை நோக்கி இதனை எளிதில் விளங்கிக் கொள்ளலாம். ஏரியின் நீர்மட்டம் இரண்டு காரணங்களால் உயரும். வரத்துக் கால்வாயில் வெள்ளம் வந்தாலும் உயரும். வரத்து வழக்கம்போல் இருந்து, மதகு அடைபட்டாலும் உயரும். கரையில் நட்ட அளவுகல்லை மட்டும் பார்ப்பவனுக்கு இவ்விரண்டில் எது காரணமென்று தெரியாது. இருதயத்திலிருந்து வரும் பொருள்களுக்கு இருதயம் வரத்துக் கால்வாய். சிறுநீரகம் மதகுகளுள் ஒன்று. மதகு தூர்ந்தால், இருதயம் நலமாயிருப்பினும் இரத்தத்தில் அளவு உயரும்.

இருதய நோய் இல்லாமல் சிறுநீரகக் கழிவு மட்டும் தேங்கிய நாய்களில் என்.டி.-புரோ பி.என்.பி. ஆரோக்கியமான நாய்களைவிட உயர்ந்திருப்பதை 2009-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின. ட்ரோபோனினும் இத்தகைய நாய்களில் ஓரளவு உயர்ந்து காண்பது உண்டு.

ஆயினும் மதகை மட்டும் குறை கூறுவது முற்றும் சரியன்று. சிறுநீரக நோய் இருதயத்தை மெய்யாகவே வருத்துகின்றது. முதலாவது, இந்நோயில் இரத்த அழுத்தம் உயர்கின்றது. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து உந்துவதால் இருதயத்தின் இடப்புறச் சுவர் தடிக்கின்றது. இரண்டாவது, நீரும் உப்பும் உடலில் தங்கிச் சுமையைக் கூட்டுகின்றன. மூன்றாவது, இரத்தச்சோகையினால் இருதயம் விரைந்து துடிக்க நேரிடுகின்றது. நான்காவது, வெளியேறாத கழிவுகள் இருதயத் தசையையே நலிவிக்கின்றன. இவையன்றி, சிறுநீரக நோய்க்குரிய முதிய வயதே இருதய வால்வு நோய்க்கும் உரியதாகையால், ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. சிறிய இன நாய்களில் இது அதிகம்.

ஆதலின், சிறுநீரக நோயுற்ற நாயில் உயர்ந்த அளவு ஒன்றைக் கண்டால், 'இருதய நோய்' என்று தீர்ப்புக் கூறுவதும் தவறு. 'சிறுநீரகத்தால் வந்தது' என்று தள்ளிவிடுவதும் தவறு. மேலும் சோதித்தறிய வேண்டுமென்பதே அதன் பொருள்.

நீர் ஊட்டுவதா, நீர் வடிப்பதா?

இந்த விஷயம் வைத்தியர்களின் வாதத்திற்கு மட்டும் உரியதன்று. நாயின் உயிர் இதனைப் பொறுத்திருக்கின்றது. சிறுநீரகம் தளர்ந்த நாய் வாந்தியாலும் மிகுந்த சிறுநீராலும் வறண்டு போகின்றது. அதற்கு நரம்பின் வழியாகவோ தோலின் கீழோ உப்புநீர் ஏற்றுவது முறை. இருதயம் தளர்ந்த நாய்க்கோ நுரையீரலில் நீர் கோக்கின்றது. அதற்கு ஃபுரோசமைடு போன்ற நீரிறக்கி மருந்து கொடுத்து, மிகுதியான நீரை வடிப்பது முறை. இரண்டும் நேர் எதிரான சிகிச்சைகள்.

இருதய அளவு உயர்ந்திருக்கிறதென்ற ஒரே காரணத்தைக் கொண்டு சிறுநீரக நோயுற்ற நாய்க்கு நீரிறக்கியைக் கொடுத்தால், ஏற்கெனவே வறண்ட உடல் மேலும் வறண்டு, எஞ்சியிருந்த வடிகட்டிகளுக்கும் இரத்தம் செல்வது குறைந்து, கிரியேட்டினின் ஏறிவிடும். மறுபுறம், மறைந்திருந்த இருதயத் தளர்ச்சியை அறியாமல் உப்புநீரை அளவின்றி ஏற்றினால், நுரையீரல் நிறைந்து நாய் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி இறக்கவும் கூடும்.

அளவுகளை எவ்விதம் நோக்குவது?

சிறுநீரகம் நலமாயுள்ள நாயில், என்.டி.-புரோ பி.என்.பி. லிட்டருக்கு 900 பைக்கோமோலுக்குக் குறைவாயின், மூச்சுத்திணறலுக்கு இருதயத் தளர்ச்சி காரணமாதல் அரிது என்றும், 1,800-க்கு மேற்பட்டால் அது காரணமாதல் கூடும் என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. சோதனைச் சாலைக்கும் நாயின் இனத்திற்கும் தக்கவாறு இவ்வெல்லைகள் மாறும். கிரேஹவுண்டு இனத்தில் நலமாயிருக்கும்போதே இருதய அளவுகளும் கிரியேட்டினினும் மற்ற நாய்களைவிட உயர்ந்திருக்கின்றன.

சிறுநீரக நோயில் இவ்வெல்லைகளின் மேற்பகுதி தளர்ந்துவிடுகின்றது, கீழ்ப்பகுதி தளர்வதில்லை. அதாவது, மதகு அடைபட்டும் ஏரியில் நீர் ஏறவில்லையெனில் வரத்து இல்லையென்று துணிந்து கூறலாமன்றோ? அதுபோலச் சிறுநீரகம் கெட்டிருந்தும் அளவு குறைவாகவே இருந்தால், இருதயத்தில் பெருஞ்சுமை இல்லையென்பது ஏறக்குறைய உறுதி. எனவே இந்நோயில் உயர்ந்த அளவைவிடக் குறைந்த அளவே தெளிவான விடை தருகின்றது.

ட்ரோபோனினைப் பொறுத்தவரை, ஒருநாளைய அளவைவிடத் தொடர்ந்து வரும் அளவுகளே முக்கியம். சிறிது உயர்ந்து அப்படியே நிற்பது நாட்பட்ட வருத்தத்தைக் குறிக்கும். திடீரெனப் பன்மடங்கு உயர்வது இருதயத் தசை புதிதாகக் காயமுற்றதைக் குறிக்கும். எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், பாம்புக் கடி ஆகியவற்றிலும் இவ்விதம் உயர்தல் உண்டு. வாரந்தோறும் குறையாமல் ஏறிக்கொண்டே போவது நற்குறியன்று.

மூன்று எடுத்துக்காட்டுகள்

இருபது கிலோ எடையுள்ள பத்து வயதுக் காவல் நாய் ஒன்று இளைத்து, நீர் மிகுதியாகப் பருகுகின்றது என்று கொள்வோம். கிரியேட்டினின் 3.4, இரத்த அழுத்தம் 175, என்.டி.-புரோ பி.என்.பி. 1,500. ஆனால் உறங்கும்போது மூச்சு நிமிஷத்திற்கு 20. எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் தெளிவாகவும் இருதயம் பருக்காமலும் இருக்கின்றன. இது மூன்றாம் படிச் சிறுநீரக நோய். உயர்ந்த அளவு மதகு அடைப்பாலும் இரத்த அழுத்தத்தாலும் வந்தது. இந்நாய்க்கு நீரிறக்கி ஆகாது. அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும், பாஸ்பரம் குறைந்த உணவும், தடையற்ற குடிநீருமே வேண்டுவன.

எட்டுக் கிலோ எடையுள்ள பன்னிரண்டு வயதுச் சிறு நாய் மற்றொன்று. இருதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கின்றது. கிரியேட்டினின் 1.8; என்.டி.-புரோ பி.என்.பி. 4,000. உறக்கத்தில் மூச்சு 52. படத்தில் இருதயம் பருத்தும் நுரையீரலில் நீர் கோத்தும் உள்ளன. இங்குச் சிறுநீரகக் கேடு சிறிது. இருதயத் தளர்ச்சியே பெரிது. சிறுநீரகத்திற்கு அஞ்சி நீரிறக்கியை மறுத்தால் நாய் பிழைக்காது. பயன் தரும் மிகக் குறைந்த அளவில் அதனைக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினை மறுபடி அளந்து பார்ப்பதே வழி.

மூன்றாவதாக, சிறுநீரக நோயுள்ள நாய் ஒன்று இருமுகின்றது. ஆனால் அளவு 500 மட்டுமே. இருமலுக்குக் காரணத்தை இருதயத்தில் தேடாமல் மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் தேட வேண்டும்.

இம்மூன்றிலும் தீர்ப்பைத் தந்தது தனியொரு எண் அன்று. மூச்சின் எண்ணிக்கை, இரத்த அழுத்தம், எக்ஸ்ரே, இயன்றவிடத்து இருதய ஒலிப்படம் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தே தந்தன என்பதைக் கவனிக்க.

சோதனைக்கு இரத்தம் அனுப்பும்போது

என்.டி.-புரோ பி.என்.பி. வெப்பத்தில் சிதையும் பொருள். இரத்தத்தை எடுத்து வெய்யிலில் நெடுந்தூரம் கொண்டு சென்றால், உயர்ந்திருந்த அளவும் பொய்யாகக் குறைந்து தோன்றும். குறைந்த அளவை நம்பலாமென்று மேலே கூறியது, இரத்தத்தை உடனே தெளியவைத்துக் குளிரில் வைத்து அனுப்பியிருந்தால் மட்டுமே பொருந்தும். ஆகையால், கூடுமானவரை நாயையே சோதனை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது நன்று. நாயின் இனம், வயது, முன்னர் வந்த காய்ச்சல், பாம்புக் கடி, கொடுத்த மருந்துகள் யாவற்றையும் மறைக்காது கூற வேண்டும். ஒரே நாயில் இவ்வளவு நாளுக்கு நாள் சற்று ஏறி இறங்குவது இயல்பாகையால், சிறு வேறுபாட்டைக் கண்டு மகிழ்வதோ மனந்தளர்வதோ வேண்டா.

வீட்டில் செய்யத்தக்கவை

1. நாய் நன்கு உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுக. ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30-க்கு உட்பட்டது நலம். பல இரவுகள் 30-க்கு மேற்பட்டாலும், முன்னிருந்ததைவிட ஏறிக்கொண்டே வந்தாலும் வைத்தியரிடம் காட்டுக. செலவில்லாத இச்சோதனை, நுரையீரலில் நீர் கோப்பதை முன்னரே அறிவிக்கும்.

2. நாள் ஒன்றுக்குப் பருகும் நீரை அளந்து வைக்க. கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால், அதாவது இருபது கிலோ நாய்க்கு 2 லிட்டருக்கு மேற்பட்டால், அது மிகுதி. அதற்காக நீரைக் குறைத்து வைப்பது பெருங்கேடு. நோயுற்ற சிறுநீரகத்திற்கு நீரே துணை.

3. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைக்க.

4. கருவாடும் ஊறுகாய் கலந்த சோறும் எலும்பும் நோயுற்ற நாய்க்கு ஆகா. உணவு மாற்றத்தை வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகச் செய்க.

5. திடீரெனக் கண் தெரியாமல் முட்டிக் கொள்ளும் நாய்க்கு இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருத்தல் கூடும். அன்றைக்கே காட்ட வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

எலிக்காய்ச்சல் நாயோடு நில்லாது. நோயுற்ற நாய் பிழைத்த பின்னும் பல வாரம், சில சமயம் பல மாதம், சிறுநீரில் கிருமியை வெளியேற்றக் கூடும். அது மனிதரையும் மாட்டையும் பற்றும். ஆகவே, மழைக்குப்பின் ஒரே ஊரில் பல நாய்கள் காய்ச்சல், வாந்தி, மஞ்சட்காமாலையுடன் விழுந்தால், கால்நடை ஆஸ்பத்திரிக்கும் சுகாதார நிலையத்திற்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். தானியக் கிடங்குகளில் எலியை ஒழிப்பதும், ஆண்டுதோறும் நாய்களுக்குத் தடுப்பூசி போடச் செய்வதும், அத்தகைய நாயின் சிறுநீர் பட்ட இடத்தைக் கையுறையுடன் சுத்தம் செய்யுமாறு மக்களுக்கு எடுத்துரைப்பதும் அவர்களால் ஆகக்கூடிய பெரிய உதவிகள்.

முடிவுரை

நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு முற்றும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆயினும், முதற்படியிலோ இரண்டாம் படியிலோ கண்டுபிடித்து உணவையும் அழுத்தத்தையும் ஒழுங்கு செய்த நாய் பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்து காவல் தொழிலையும் செய்யக் கூடும். இருதய இரத்தச் சோதனைகள் அதற்குத் துணை செய்பவை; ஆனால் அவற்றைத் தனித்து நம்பி மருந்து கொடுப்பது, மதகைப் பாராமல் ஏரிக்கரையை வெட்டுவதற்கு ஒப்பாகும். சோதனைக் காகிதத்தோடு, உறக்கத்தில் எண்ணிய மூச்சையும் பருகிய நீரின் அளவையும் எழுதி வைத்தியரிடம் கொடுக்கும் விவசாயி, தம் நாய்க்கு வேண்டிய சிகிச்சையில் பாதியைத் தாமே செய்து முடித்தவராவார்.